முகாமுக்கு எந்த சிரிஞ்ச், சினை பார்க்க எந்தக் கையுறை?

கோமாரித் தடுப்பூசி முகாம் முடிந்து பாலக்கோடு பக்கத்தில் ஓர் ஊரை விட்டுக் கிளம்பினால், மாட்டுக்கு ஒன்றாக, ஒரு தடவை போட்டு எறியும் டிஸ்போசபிள் சிரிஞ்ச் காலியாக வண்டியில் கிடக்கும். "அந்தக் காலத்துக் கண்ணாடி சிரிஞ்சே தேவலாம் சார்" என்பார் எங்கள் உதவியாளர்.

மருந்தகத்துக்குள் என்றால் சரி. வெந்நீரில் கொதிக்க வைத்தால் போதும் என்பதுதான் தப்பு. சப்பை நோய், அடைப்பான் கிருமிகளின் வித்துகள் கொதிநீருக்குச் சாகாது. ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிக் கலத்தில் 121 டிகிரி நீராவி வேண்டும். மரத்தடி முகாமில் அதற்கு எங்கே போவது? போதாததற்கு, மாடு ஓர் உதை விட்டால் கண்ணாடி தூள்.

முகாமுக்கு என் ஓட்டு ஆட்டோமேட்டிக் சிரிஞ்சுக்கு. ஒரு முறை நிரப்பினால் வரிசையாகப் பல மாடுகளுக்கு அளவு மாறாமல் போடலாம். ஆனால் அவசரத்தில் ஊசியை மாற்றாமலே அடுத்த மாட்டுக்குப் போகிறோம். ஒட்டியிருக்கும் ரத்தத்தில் அனாபிளாஸ்மா என்ற ரத்தக் கிருமியும் கூடவே போகும். மாட்டுக்கு ஓர் இரும்பு ஊசி என்று எண்ணி எடுத்துப் போனால், திரும்பி வந்து ஆட்டோகிளேவில் போட்டு மறுபடி எடுக்கலாம்.

கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் போடும் கன்று வீச்சு (சினை கலைக்கும் புருசெல்லா நோய்) தடுப்பூசி மட்டும் வேறு கதை. அது உயிருள்ள கிருமி. சிரிஞ்சில் ஸ்பிரிட் ஈரம் இருந்தாலே மருந்து வீண். கையில் குத்திக்கொண்டால் நோய் நமக்கு. அதற்கு டிஸ்போசபிள்தான், பேரம் இல்லை.

சினை பார்க்கும் நீளக் கையுறையிலும் நான் பிளாஸ்டிக் பக்கம்தான். கழுவிப் போடும் ரப்பர் கையுறை ஒரு கட்டுத்தறியின் நோயை அடுத்ததற்குக் கொண்டு போகும். கோளாறு, கழற்றியதும் அதை எருக்குழியில் வீசுவதில் இருக்கிறது. மேயும் மாடு அதையும் சேர்த்து விழுங்கும். அப்புறம் வயிறு உப்பி வரும் மாட்டுக்கு அசையிரைப்பையைக் கிழித்துப் பிளாஸ்டிக்கை அள்ளுவதும் நாம்தான்! நான் பைக்கில் ஒரு மூடி வாளி மாட்டியிருக்கிறேன். 2016 மருத்துவக் கழிவு விதிப்படி கையுறையும் ஊசி நீக்கிய சிரிஞ்சும் சிவப்புப் பைக்கு, ஊசி, குத்தினாலும் துளை விழாத வெள்ளை டப்பாவுக்கு.

காலி கால்சியம் பாட்டில் மட்டும் அந்த வாளிக்கு வருவதே இல்லை. கன்றுக்கு மருந்து புகட்ட ஆகும் என்று வீட்டம்மா முன்னாடியே எடுத்து வைத்துவிடுகிறார்.