உப்புக் காற்றும் மணலும் உள்ள ஊருக்கு எந்த அம்பு முனை?

அம்பு வாங்குகிறவர்கள் தண்டை உருட்டிப் பார்ப்பார்கள், இறகின் நிறத்தைத் தெரிவார்கள். முனை என்ன வகை என்று கேட்டால் "கூட வந்ததுதான்" என்பார்கள். தண்டின் வாய் பிளப்பது, அம்பு இலக்கில் நிற்காமல் தெறிப்பது, இழுக்கும்போது முனை மட்டும் உள்ளே தங்கிப்போவது எல்லாம் பெரும்பாலும் அந்தக் கூட வந்ததின் வேலை. இழுவைப் பாரம் 25 முதல் 40 இறாத்தல் வரையான ரிகேர்வ் வில்லை (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வில்) மனதில் வைத்து, ஓடர் போட்டு எடுக்கக்கூடிய நான்கு வகை முனைகளை இங்கே எடைபோடுகிறோம். வேட்டைக்கான, வெட்டும் பிளேட் உள்ள அலகு முனைக்கும் ஒரு பத்தி உண்டு.

ஸ்குரூ முனைதான் ஆக மலிவு. தண்டுக்குள் ஒட்டிய இன்சர்ட்டில், அதாவது உள்ளே புரியுள்ள சிறு குழாயில், திருகிப் பூட்ட வேண்டும். வழக்கமான தண்டுகளில் திருகின் அளவு 8-32. எந்தக் கொம்பனியின் முனையும் எந்தக் கொம்பனியின் இன்சர்ட்டிலும் ஏறும். வசதி அதுதான், ஏமாறுவதும் அதில்தான். திருகு ஏறினால் போதாது, முனையின் தோள் (தண்டின் வாயில் உட்காரும் விளிம்பு) தண்டின் வெளி விட்டத்தோடு சமமாக உட்கார வேண்டும். 5/16 அங்குல முனை என்றால் 7.9 மில்லிமீற்றர், 9/32 என்றால் 7.1, 11/32 என்றால் 8.7. தோள் சிறுத்தால் காபன் தண்டின் விளிம்பு வெளியே தெரியும். ஒரு கல்லில் பட்டால் போதும், தலைமயிர் போல வெடிப்பு விடும். தோள் பெருத்தால் உள்ளே போவது சுகம், வெளியே வருவதுதான் பாடு: இலக்கின் ஃபோம் தோளைப் பிடித்துக்கொள்ள, இழுக்கிற இழுவையில் இன்சர்ட்டே கழன்று வரும். பார்க்கும் வழி லேசு. விரல் நகத்தை முனையிலிருந்து தண்டு நோக்கி ஓட்டுங்கள், பிறகு திருப்பி ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் நகம் தடக்காவிட்டால் சரி.

இந்த வகை எய்ய எய்ய இளகும். அம்பு படும்போது மெல்லிய கிணுக்கென்ற சத்தம் கேட்டால் முனை இளகிவிட்டது என்று அர்த்தம். அப்படியே எய்தால் இன்சர்ட்டின் புரி தேயும். திருகில் கொஞ்சம் தேன்மெழுகு தடவிப் பூட்டினால் பிடித்து நிற்கும். சுப்பர் குளூ விடுகிறவர்களும் உண்டு. பிறகு முனையை மாற்றப்போய்த் தண்டையே எறிய வேண்டிவரும்.

நம்மூரில் இதற்கு முதல் எதிரி கறள். மலிவுப் பொதிகளில் வருவது சாதாரண இரும்பு, மேலே நிக்கல் பூச்சு. இலக்கோடு உரசி முதலில் பூச்சுத் தேய்வது கூரில். கறள் தொடங்குவதும் அங்கேதான். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட வைத்திருந்தால், அதுவும் வாடைக்காற்றுக் காலத்தில், எய்துவிட்டு அப்படியே அம்புக்கூட்டில் போட்ட முனைகள் சீக்கிரமே செம்மண் நிறம் காட்டும். கறள் ஏறிய முனை ஃபோமை அரைக்கும், இழுக்கவும் பாரம். எய்து முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒரு துடை, காய்ந்த துணியால் ஒரு துடை, பிறகு தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றித் திருகையும் துடைக்க வேண்டும். "ஸ்டெயின்லெஸ்" என்று விற்பதைக் காந்தத்தால் சோதிப்பது முழு நம்பிக்கை தராது, காந்தம் பிடிக்கும் ஸ்டெயின்லெஸ் வகைகளும் உண்டு. ஒன்றின் கூரைக் கொஞ்சம் அரத்தால் உராய்ந்து, உப்புத் தண்ணீரில் ஒரு இரவு போட்டு வையுங்கள். விடிந்ததும் தெரிந்துவிடும்.

பழகுகிறவர்களுக்கு அலுமினியத் தண்டும் ஒட்டு முனையும் இதைவிட நல்ல சோடி. அலுமினியத் தண்டின் இலக்கமே அளவைச் சொல்லும்: 1716 என்றால் விட்டம் 64இல் 17 பங்கு அங்குலம், சுவர்த் தடிப்பு ஆயிரத்தில் 16 அங்குலம். 1716 தண்டுக்கு 1716 என்று எழுதிய முனைதான். 1816 முனை கொஞ்சம் இறுக்கமாகப் போகும்போல இருக்கிறது என்று தட்டி ஏற்றக்கூடாது.

ஒட்டுவது ஹொட் மெல்ட் பசையால். தண்டின் உட்புறத்தைச் சுருட்டிய பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். முனையின் கூர்ப் பக்கத்தைக் குறட்டால் பிடித்து, வாலைச் சிறு சுவாலையில் சூடாக்குங்கள். பசைக்குச்சியை வாலில் தொட்டால் உருகி ஒட்ட வேண்டும். கொதித்துப் புகைந்தால் சூடு கூடிவிட்டது. வால் முழுக்கப் பசை பூசி, தண்டுக்குள் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே தள்ளி, பலகையில் நிமிர்த்தி அழுத்துங்கள். வெளியே பிதுங்கும் பசையை ஆறிய பிறகு நகத்தால் உரிக்கலாம். காபன் தண்டில் சுவாலை தண்டைத் தொடவே கூடாது, முனையைக்கூட அளவோடுதான் சூடாக்க வேண்டும். அதிகச் சூட்டில் காபனைப் பிடித்துவைத்திருக்கும் பிசின் கெட்டுப்போகும். காபனிலிருந்து முனையைக் கழற்ற, முனைப் பக்கத்தைக் கொதிநீரில் சில நிமிடம் வைத்து இழுப்பதே பத்திரம்.

முனை ஃபோமுக்குள் தங்கிவிட்டது என்று முறையிடுகிறவர்கள் பசையைத் திட்டுவார்கள். பசை பாவம். கச்சான் காற்று அடிக்கும் மத்தியானத்தில் பூட்டிய காருக்குள் கிடந்த அம்பை எடுத்து எய்தால், பாதி இளகிய பசை இலக்குக்குள் உரசும் சூட்டில் மீதியும் இளகிப்போகிறது. அம்புப் பெட்டியை நிழலில் வையுங்கள். தண்டின் முன் ஒரு சாண் தூரத்துக்குக் காய்ந்த சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துவிடுங்கள், இழுவை பாதியாகக் குறைந்ததுபோல இருக்கும்.

அடுத்த படி, முறித்துக் குறைக்கும் ஸ்டெயின்லெஸ் முனை. காசுக்குப் பெறுமதி என்று நாம் சொல்வது இதைத்தான். வாலில் வெட்டுக் காடி இருக்கும். குறட்டால் பிடித்து ஒரு துண்டை முறித்தால் பொதுவாக 10 கிரெய்ன் (முனையின் பாரத்தைச் சொல்லும் கணக்கு) குறையும். 120, 110, 100 என்று இறங்கலாம், ஏற முடியாது. ஆகவே முறிக்காமல் தொடங்குங்கள். முன்பாரம் கூடினால் தண்டு எய்யும்போது மென்மையாக நடந்துகொள்ளும், குறைந்தால் விறைப்பாக. 18 மீற்றரில் இறகுள்ள அம்பு மூன்றும் இறகில்லாத அம்பு இரண்டும் எய்யுங்கள். வலக்கை வில்லாளிக்கு இறகில்லாதவை வலப்பக்கம் ஒதுங்கினால் தண்டு மென்மை, ஒரு துண்டு முறிக்கலாம். இடப்பக்கம் ஒதுங்கினால் விறைப்பு, முறிக்காதீர்கள். இடக்கையாளருக்கு இது மறுவளம். முதலில் இந்த ஐந்தில் மட்டும் சோதித்து முடிவெடுத்துவிட்டு மீதியில் கை வையுங்கள். முறித்த முனையின் வால் விளிம்பை அரத்தால் தட்டையாக்காமல் ஒட்டினால் அது தண்டின் உட்சுவரைக் கீறும்.

கிரெய்ன் கணக்கு பலரைக் குழப்பும். ஒரு கிராமில் 15.4 கிரெய்ன், 100 கிரெய்ன் முனை 6.48 கிராம், 125 என்றால் 8.1. ஒரு கிராம் வரைதான் காட்டும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். பெயரில்லாப் பொதிகளில் 100 என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் ஒவ்வொன்றாக நிறுத்து, இரண்டு கிரெய்னுக்கு மேல் விலகுவதைத் தனியாக வையுங்கள். முன்பாரம் சரியா என்று பார்க்க, முழுதாகப் பூட்டிய அம்பை விரலில் சமநிலைப்படுத்துங்கள். நாணில் பூட்டும் நொக் காடியிலிருந்து தண்டின் முடிவு வரை 71 சென்ரிமீற்றர் என்றால் பாதி 35.5. சமநிலைப் புள்ளி நொக்கிலிருந்து 44இல் விழுந்தால், பாதியைத் தாண்டிய 8.5ஐ 71ஆல் வகுக்க முன்பாரம் 12 வீதம். இலக்கு எய்தலுக்கு 11 முதல் 16 வரை நல்லது. கச்சானுக்குக் குறுக்கே 70 மீற்றர் எய்கிறவர்கள் மெல்லிய தண்டும் மேல் எல்லையை ஒட்டிய முன்பாரமும் வைப்பது உதவும். இன்னொன்று: முழு அம்பின் பாரம் வில்லின் இழுவை இறாத்தல் ஒன்றுக்கு 5 கிரெய்னுக்குக் கீழே இறங்கவே கூடாது. அம்பில்லாமல் நாணை விட்டது மாதிரி வில் அடி வாங்கும். ரிகேர்வுக்கு 8 முதல் 10 வரை வைப்பது வில்லுக்கு நல்லது.

டங்ஸ்டன் முனை கையில் எடுத்தால் ஆசை வரும். அடர்த்தி கூடியதால் அதே பாரம் குறைந்த நீளத்தில் அடங்கி முன்னால் குவியும். ஈஸ்டன் எக்ஸ்10 போன்ற போட்டித் தண்டுகளுக்கு அது பொருந்தும். மணலில் அம்பு தொலைகிற திடலில், பழகுகிற கைக்கு, வேண்டாம். போட்டிக்குப் போகிறவர்கள் ஒரு விதியை மட்டும் நினைவில் வைக்கட்டும்: உலக வில்வித்தைச் சம்மேளன விதிப்படி தண்டின் விட்டம் 9.3 மில்லிமீற்றரையும், முனை 9.4ஐயும் தாண்டக்கூடாது.

அலகு முனை இணையக் கடைகளில் பளபளவென்று படம் போட்டு வரும். வேட்டை அனுமதியுள்ள நாடுகளுக்கான பொருள் அது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் வெட்டு அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும் என்றே சட்டம். திருகோணமலை பிரட்றிக் கோட்டைக்குள் ஆட்களுக்கு நடுவே மேயும் புள்ளிமானுக்கு இங்கே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காவல். இலக்குக்கு எய்யலாமே என்றால், ஃபோமை நாலு நாளில் கிழித்துப்போடும், இழுக்கும் கையையும் வெட்டும். புல்லில் எய்ய ஆசையென்றால் கம்பிக்கால்கள் உள்ள ஜூடோ முனை இருக்கிறது. கால்கள் புல்லில் சிக்கி அம்பை நிறுத்தும், புல்லடியில் புகவிடாது.

எந்த முனையும் இலக்கைப் பொறுத்துத்தான் வாழும். சாக்குக்குள் பழந்துணி அடைக்கும்போது பொத்தானையும் சிப்பையும் வெட்டி எடுத்துவிடுங்கள், ஒரு உலோகச் சிப் போதும் கூரை வளைக்க. மண்மூட்டையை இலக்காக வைக்கவே வைக்காதீர்கள். மண் சட்டென்று பிடித்து நிறுத்தும், முனை பின்னோக்கித் தண்டுக்குள் ஏறும். பனங்குற்றியைப் பின்தாங்கலாக வைப்பதும் அதே கதை. கடற்கரை மணலில் தாழ விழுந்த அம்பு மேலே குத்தி நிற்காது, மணலுக்கடியில் சறுக்கிப் படுத்துவிடும். பிறகு வெறுங்காலோடு வருகிறவர்தான் கண்டுபிடிப்பார். ஆகவே எண்ணி எய்து, எண்ணி எடுக்க வேண்டும். கூர் காளான் போல மழுங்கியிருந்தால் அரத்தால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் ஊசியாக்காதீர்கள்: ஊசிக்கூர் மரச்சட்டத்தில் பட்டால் இறங்கி மாட்டிக்கொள்ளும்.

பன்னிரண்டு அம்புக்குப் பதினைந்து முனை எடுங்கள். நிறுத்துப் பார்த்து ஒதுக்கியவை இறகில்லாச் சோதனை அம்புகளுக்கு ஆகாது, அவற்றுக்கும் சம பாரம்தான் வேண்டும். சிறுவர்கள் பத்து மீற்றரில் பழகும் அம்புகளுக்குப் போடலாம்.