ஒரே கம்பளி ஸ்வெட்டரா, ஆண்டுக்கொரு அக்ரிலிக்கா?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில், சுற்றுலா வருபவர்களுக்கு ஸ்வெட்டர் ஒரு நினைவுப் பொருள். இங்கேயே வாழ்பவர்களுக்கோ தென்மேற்குப் பருவமழையிலும், டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனியிலும் கழற்ற முடியாத உடை. ஆகவே, இனிக் குறைவாக வாங்குவது என்று முடிவெடுக்கும் குடும்பம் முதலில் கணக்கெடுக்க வேண்டியது அலமாரியிலுள்ள ஸ்வெட்டர்களைத்தான்.

மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பெட்ரோலிய வேதிப்பொருளிலிருந்து செய்யப்படும் அக்ரிலிக் இழையால் ஆனவை. வெயிலே எட்டிப் பார்க்காத ஜூலையில் அவை கம்பளியைவிட விரைவாகக் காய்கின்றன, பூச்சியும் அரிப்பதில்லை என்பதால், பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு அவை தோதானவைதாம். ஆனால், உரசும் இடங்களில் விரைவிலேயே பிசிறு உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழைகள் உதிர்ந்து தண்ணீரோடு கலக்கின்றன.

கம்பளி, தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தொட்டால் ஈரமாகத் தோன்றாது. நாற்றம் எளிதில் பற்றாததால், அடிக்கடி துவைக்காமல் காற்றாட விட்டாலே போதும். வெந்நீரில் சுருங்கிவிடும், அந்துப்பூச்சிக்கு இரையாகும் என்பவை அதன் குறைகள். மென்மயிருக்குப் பேர்போன நீலகிரிச் செம்மறியை வளர்த்து ஆராயும் நிலையம் அருகே சாண்டிநல்லாவில் இருக்கும்போது, அந்த மயிரில் பின்னிய ஸ்வெட்டரைக் கடைவீதியில் நான் கண்டதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அக்ரிலிக் 500 ரூபாய், கம்பளி 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுதோறும் அக்ரிலிக் மாற்றுபவருக்கு 5 ஆண்டுகளில் செலவு சமமாகிவிடும். அதன் பிறகும் கம்பளி உழைக்கும் ஒவ்வோர் ஆண்டும் மிச்சமே. எனவே, முடிந்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பது கம்பளியைத்தான். ஆயினும், தேயிலைத் தோட்டத்தில் நாள்கூலிக்குச் செல்பவரிடம் 2,500 ரூபாயை ஒரே முறையில் எடுத்துவைக்கச் சொல்வது நியாயமன்று. இருக்கும் அக்ரிலிக்கின் முழங்கையில் ஒட்டுப்போட்டு இன்னொரு பனிக்காலத்தைக் கடத்துவதே அவருக்கு ஏற்ற வழி.

எதை வாங்கினாலும் உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலைப் பார்க்க வேண்டும். பின்னல் துணியை வெட்டி, வெட்டிய விளிம்பை நூலால் சுற்றித் தைத்திருந்தால் (ஓவர்லாக்), பிரிக்கும்போது துண்டு நூல்களே மிஞ்சும். முன்பக்கம், முதுகு, கை என ஒவ்வொரு பகுதியையும் வெட்டாமல் அளவாகவே பின்னி இணைத்திருந்தால், கை நைந்துபோன ஸ்வெட்டரையும் பிரித்து, நூலை உருட்டி, பிள்ளைக்குக் குல்லாவும் மப்ளரும் பின்னிக்கொள்ளலாம். அக்ரிலிக்குக்கும் இது பொருந்தும்.