மூன்று கோல்கள், 250 டாலர்: பாஸ் தூண்டிலில் எதற்குச் செலவழிப்பது, எதில் மிச்சம் பிடிப்பது

டாலஸுக்கு வடக்கே லூயிஸ்வில் ஏரியிலும், ஆண்டுக்கு ஓரிரு முறை கிழக்கே லேக் ஃபோர்க் நீர்த்தேக்கத்திலும் லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுகிற எனக்கு, கோல்களுக்கென்று ஒதுக்க முடிந்த தொகை 250 டாலர்தான். தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல்கள் முன்பே கையில் இருந்தன. அந்தத் தொகைக்குள் மூன்று கோல்களை வாங்கி, இரண்டு வசந்த காலங்களும் ஒரு முழுக் கோடையும் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பணத்தை மூன்று கோல்களுக்கும் சமமாகப் பங்கிடக் கூடாது என்பதுதான் நான் கண்டறிந்தது. ஏரியின் அடித்தரையைத் தொட்டறிய வேண்டிய கோலுக்கு ஏறத்தாழப் பாதிப் பணத்தைக் கொடுக்கலாம். கிராங்க்பெய்ட் என்னும் மீன் வடிவச் செயற்கை இரையை வீசும் கோலுக்கு 50 டாலருக்கு மேல் கொடுக்கத் தேவையில்லை.

இதற்கு முன் நான் செய்தது நேர்மாறானது. கோலும் ரீலும் சேர்த்து விற்கப்படும் மலிவான தொகுப்பு ஒன்றில், ஒரே மாதிரியான நான்கை ஒரே நாளில் வாங்கினேன். நான்குமே ஆறரை அடி நீளம், நடுத்தர வலு. படகில் நான்கு கோல்கள் வரிசையாகக் கிடந்தாலும், ஒரு கோலால் முடியாத வேலை மற்ற மூன்றாலும் முடியவில்லை. அடர்ந்த கிளைகளுக்குள் போட்ட புழுவை மீன் கவ்வினால் முள் ஏறவில்லை. கனமான லூரை, அதாவது செயற்கை இரையை, வீசினால் கோல் தளர்ந்து தொங்கியது. எண்ணிக்கையைக் காட்டிலும் கோல்களுக்கிடையே உள்ள வேறுபாடுதான் முக்கியம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கோலின் பிடிக்கு மேலே பொறிக்கப்பட்டிருக்கும் எழுத்துகளில் பவர், ஆக்‌ஷன் என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பவர் என்பது கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைச் சொல்கிறது; மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று ஏறிக்கொண்டே போகும். ஆக்‌ஷன் என்பது கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பதைச் சொல்கிறது. நுனிப் பகுதி மட்டும் வளைந்து கீழ்ப்பகுதி விறைப்பாக நின்றால் அது ஃபாஸ்ட், நடுப்பகுதிவரை வளைந்து கொடுத்தால் மாடரேட். வலுவான கோல் என்றாலே நுனி மட்டும் வளையும் கோல் என்று பலர் எண்ணுகிறார்கள்; இரண்டும் வெவ்வேறு குணங்கள்.

என் தொகுப்பின் முதற்கோல், டாபின்ஸ் நிறுவனத்தின் ஃப்யூரி வரிசையில் வரும் 703சி. இந்த நிறுவனத்தின் எண்முறை எனக்குப் பிடித்த ஒன்று: முதல் இரண்டு இலக்கங்கள் 7 அடி 0 அங்குலம் என்று நீளத்தையும், மூன்றாவது இலக்கம் வலுவையும், சி என்ற எழுத்து கோலின் மேற்புறம் பொருத்தும் பெய்ட்காஸ்டிங் ரீலுக்கானது என்பதையும் சொல்லிவிடுகின்றன. மீடியம் ஹெவி வலு, ஃபாஸ்ட் வளைவு. நான் கொடுத்த விலை ஏறத்தாழ 120 டாலர். இதில்தான் டெக்சஸ் ரிக், முள்ளோடு எடை சேர்ந்த ஜிக், சுழலும் தகடுள்ள ஸ்பின்னர்பெய்ட் ஆகிய மூன்றையும் வீசுகிறேன்; ஆண்டில் பாதி நாள்களுக்கு மேல் என் கையில் இருப்பது இந்தக் கோல்தான்.

டெக்சஸ் ரிக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொன்னால்தான் அந்தச் செலவின் நியாயம் விளங்கும். துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவமுள்ள சிறு எடை நரம்பில் கோக்கப்பட்டிருக்கும்; அதன் கீழே பிளாஸ்டிக் புழு; முள்ளின் கூர்முனை புழுவின் உடலுக்குள் புதைந்திருப்பதால் கிளைகளிலும் பாசியிலும் மாட்டாமல் ஊர்ந்து வரும். 1980இல் அணை கட்டி முடிக்கப்பட்ட லேக் ஃபோர்க்கில், நிலத்தில் நின்ற மரங்களைப் பல இடங்களில் வெட்டாமலே நீரைத் தேக்கினார்கள். 1992இல் 18.18 பவுண்டு எடையுள்ள பாஸ், இன்றும் டெக்சஸ் மாநிலச் சாதனையாக நிற்கும் அந்த மீன், அந்த ஏரியில்தான் பிடிபட்டது. அங்கே நீருக்கடியில் எடை உருண்டு வருகையில் அது கடப்பது மரமா, கல்லா, சேறா என்பதைக் கண்ணால் காண முடியாது. கோலின் வழியாகக் கைக்கு வரும் அதிர்விலிருந்துதான் அறிய வேண்டும். மரத்தில் ஏறி இறங்குகையில் மழுங்கலான ஓர் இழுப்பும், சரளைக் கல்லில் நொறுநொறுவென்ற தட்டலும், சேற்றில் வெறுமையும் தெரிகின்றன. மீன் கவ்வுவது பெரும்பாலும் ஒரே ஒரு சிறு தட்டுதான். சில வேளைகளில் அதுவும் இல்லாமல், நரம்பு மட்டும் பக்கவாட்டில் நகரத் தொடங்கும்.

இந்தச் செய்தியைக் கைக்குக் கொண்டுவருவதில் இலேசான கிராஃபைட் (கரியிழை) கோலுக்கும் கனமான கண்ணாடியிழைக் கோலுக்கும் இடையே மிகப் பெரிய வேறுபாடு உண்டு. பழைய கோலில் நான் மரம் என்று நினைத்து விட்டுவிட்ட தட்டுகளில் எத்தனை மீன்கள் இருந்திருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அதோடு, கவ்வியது தெரிந்தவுடன் முள் முதலில் பிளாஸ்டிக்கைத் துளைத்து, பின்னர் எலும்பு போன்ற தாடையில் ஏற வேண்டும். கோலின் கீழ்ப்பகுதி விறைப்பாக இருந்தால்தான் நம் கையின் வீச்சு அவ்வளவும் முள்ளுக்குப் போய்ச் சேரும். 15 பவுண்டு இழுவிசை தாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்போடு 703சி இந்த இரண்டு வேலைகளையும் குறையின்றிச் செய்கிறது. நாள் முழுவதும் வீசினாலும் மணிக்கட்டு வலிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கிராஃபைட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. விறைப்பு கூடக் கூட அடி தாங்கும் தன்மை குறைகிறது. படகின் விளிம்பில் மோதியோ, எடை வந்து அடித்தோ ஏற்படும் மெல்லிய கீறல் அன்றைக்கு ஒன்றும் செய்யாமல், பல வாரங்கள் கழித்து ஒரு நல்ல மீனோடு இழுபறி நடக்கும்போது கோலை முறித்துவிடும். மீனைப் படகில் ஏற்றுகையில் கோலை நம் தோளுக்குப் பின்னால் சாய்த்துத் தூக்குவதும் நுனியை முறிக்கும். துணியாலான உறை சில டாலர்களுக்குக் கிடைக்கிறது. இந்த ஒரு கோலுக்காவது அதை வாங்கிப் போடுங்கள்.

இரண்டாவது, அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2 வரிசையின் 7 அடி மீடியம் காஸ்டிங் கோல், விலை ஏறத்தாழ 50 டாலர். ஷேக்ஸ்பியர் நிறுவனம் 1976இல் அறிமுகப்படுத்திய அக்லி ஸ்டிக், கிராஃபைட்டையும் கண்ணாடியிழையையும் கலந்து செய்யப்படுவது. நுனி மட்டும் ஒளி ஊடுருவும் திடக் கண்ணாடியிழை. கிராஃபைட் கோலைவிடக் கனமானது, அதிர்வை அவ்வளவு நுட்பமாகக் கடத்தாதது. டெக்சஸ் ரிக்குக்கு இவை குறைகள். கிராங்க்பெய்ட்டுக்கோ அந்தக் குறையே பலமாகிவிடுகிறது.

கிராங்க்பெய்ட் மூன்று கவர்களையுடைய சிறு முட்களோடு வருவது. பாஸ் அதை வாய் திறந்து உறிஞ்சுகிறது. அந்த நொடியில் விறைப்பான கோல் லூரைப் பிடுங்கிவிடும், தளர்ந்து வளையும் கோல் அது வாய்க்குள் நன்றாகப் போக இடம் கொடுக்கும். பிறகு மீன் துள்ளித் தலையை உதறும்போதும், மெல்லிய முள் பிய்ந்து வராதபடி வளைந்து கொடுக்கிற கோல்தான் காப்பாற்றும். பிப்ரவரியில், முட்டையிடும் பருவத்துக்கு முன்னால், நீருக்கடியில் உள்ள பாசிப் படுகையின் மேலே முன்தகடு இல்லாத, சிவப்பு நிற லிப்லெஸ் கிராங்க்பெய்ட்டை இழுத்து வருவது டெக்சஸில் பலரும் கடைப்பிடிக்கும் வழக்கம். விறைப்பான கோலில் பாதி வழியில் கழன்றுபோகக்கூடிய மீன்கள், இந்தக் கோலில் படகுவரை வந்து சேர்ந்தன. இதில் பல இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்ட் நரம்பைச் சுற்றாதீர்கள். இழுபடாத அந்த நரம்பு, கோல் செய்யும் நன்மையைக் கெடுத்துவிடும். 12 பவுண்டு மோனோஃபிலமென்ட், அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு, போதும். ஏழாண்டு உத்தரவாதமும் உண்டு. படகின் தரையில் மிதிபடக்கூடிய கோல் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

மூன்றாவது ஃபென்விக் ஈகிள், ரீல் கீழ்ப்புறம் தொங்கும் 7 அடி மீடியம் ஸ்பின்னிங் கோல், ஃபாஸ்ட் வளைவு, ஏறத்தாழ 80 டாலர். 1973இல் முதன்முதலாகக் கிராஃபைட் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம் என்ற வகையில் அந்தப் பெயர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனாலும் வாங்கியதற்குக் காரணம் கையில் எடுத்துப் பார்த்தபோது இருந்த சமநிலைதான். காற்று வீசும் நாள்களிலும், மீன் தயங்கும் நாள்களிலும் இலேசான லூர்களை, அதாவது சிறு எடையுள்ள முள்ளில் குட்டிப் புழு கோத்த நெட் ரிக், நடுவில் முள் கோத்த சென்கோ என்னும் பிளாஸ்டிக் புழு, முள்ளுக்குக் கீழே எடை தொங்கும் டிராப் ஷாட் ஆகியவற்றை, பெய்ட்காஸ்டிங் ரீலால் வீசுவது சிரமம். 10 பவுண்டு பிரெய்ட்டின் முனையில் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பனைச் சில அடிகள் கட்டி இந்தக் கோலில் பயன்படுத்துகிறேன். லூயிஸ்வில் ஏரியின் பாறைக் கரைகளில் ஒட்டியிருக்கும் ஸீப்ரா சிப்பிகள் நரம்பை அறுத்துவிடும் என்பதால், சில மீன்களுக்குப் பிறகு அந்த முனையை விரலால் தடவிப் பார்த்து மாற்றிக் கட்ட வேண்டியிருக்கிறது. தூண்டிலைப் புதிதாகத் தொடங்குகிறவர் ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்றால், தயங்காமல் இந்த வகைக் கோலை வாங்கலாம். ரே ராபர்ட்ஸ் ஏரி மாநிலப் பூங்காவின் கரையிலிருந்து தூண்டில் போட உரிமம்கூடத் தேவையில்லை. என் மகள் முதல் பாஸைப் பிடித்தது அங்கே, இந்தக் கோலில்தான்.

வாங்குமுன் கோலைக் கையில் எடுத்துப் பார்ப்பது அவசியம். கிரேப்வைனில் உள்ள பாஸ் புரோ ஷாப்ஸ் கடைக்கு என் ரீலையும் எடுத்துச் சென்று, பணியாளரின் அனுமதியோடு பொருத்திப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். ரீல் பொருத்தியபின் நுனி கீழ்நோக்கி இழுத்தால் மாலைக்குள் கை சோர்ந்துவிடும். அடியிலிருந்து நுனிவரை ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வளையங்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பது தெரியும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறு பஞ்சை விட்டுச் சுழற்றினால், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும் இடத்தில் பஞ்சிழை மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட வளையம் நரம்பை அறுக்கும். பழைய கோலை யாரிடமிருந்தாவது வாங்குவதானால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

நான்காவது கோல் ஒன்று வேண்டும் என்பதை மறைக்கவில்லை. கோடையில் பாசி மேலே வந்து பாய்போல் மூடிக்கொள்ளும்போது, அதன்மேல் தவளை லூரை இழுத்து வர 7 அடி 3 அங்குல ஹெவி கோலும் 50 பவுண்டு பிரெய்ட்டும் தேவை. நம் ஊரில் விரால் பிடிக்கிறவர்கள் அல்லியும் தாமரையும் படர்ந்த குளங்களில் செய்வதும் இதே வேலைதான். மீன் இலையைப் பிளந்துகொண்டு மேலெழும் அந்த ஓசைக்கு இரண்டு நாடுகளிலும் ஒரே சிலிர்ப்பு. அடுத்த ஆண்டு பணம் சேரும்வரை, 703சியில் 40 பவுண்டு பிரெய்ட்டைச் சுற்றி, பாசி அடர்த்தி குறைந்த ஓரங்களில் மட்டும் சிறு தவளையை வீசிக்கொண்டிருக்கிறேன். அடர்ந்த பாயின் நடுவில் கவ்வும் மீனை அந்தக் கோலால் வெளியே இழுக்க முடியாது என்பது தெரிந்திருப்பதால், அங்கே வீசுவதில்லை.