வடக்குப் பாதையில் ஒரு பகல் பயணம்

1982ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், அப்பாவோடு யாழ்தேவிப் புகையிரதத்தில் கொழும்புக்கு வந்தேன். அதன் பின் கனடாவிலிருந்து ஊருக்குப் போன இரண்டு முறையும் ஏ-9 வீதியில் இரவு பஸ்ஸில்தான் பயணம். இம்முறை புகையிரதத்தில், அதுவும் பகலில் போவதென்று தீர்மானித்திருந்தேன். பிடுங்கி எடுக்கப்பட்ட ஒரு பாதை எப்படித் திரும்பி வந்திருக்கிறது என்பதை யன்னலோரத்தில் இருந்து பார்க்க விரும்பினேன்.

ஆசனங்களை ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே இணையத்தில் பதியலாம். விடுமுறைக் காலமென்றால் அவை விரைவில் முடிந்துவிடும் என்பதால் நாள் பார்த்திருந்து எடுத்தேன். இருமடங்கு விலைக்குத் தருவதாகச் சொன்ன ஒரு முகவரை நாடத் தேவையில்லாமற் போனது.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் நான் ஏறிய குளிரூட்டிய பெட்டிகள் சென்னைப் பெரம்பூரில் கட்டப்பட்டவை. பொல்காவலையில் மலைநாட்டுப் பாதையும், மாஹோவில் கிழக்குப் பாதையும், மதவாச்சியில் தலைமன்னார்ப் பாதையும் பிரிகின்றன. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை 54 கிலோமீற்றராகத் தொடங்கிய வலையமைப்பு இப்படிக் கிளை விட்டுப் பரவி, 1905இல் யாழ்ப்பாணத்தையும் 1924இல் பதுளையையும் எட்டியது. இன்று ஓடும் பாதைகளிற் பெரும்பாலானவை 1928இல் மட்டக்களப்புப் பாதை முடிந்தபோதே போடப்பட்டிருந்தன. சுதந்திரத்துக்குப் பின் புதிதாகச் சேர்ந்ததென்று குறிப்பிடத்தக்கது, 2019இல் திறக்கப்பட்ட மாத்தறை – பெலியத்த பாதைதான். அதுவும் ஏறத்தாழ 27 கிலோமீற்றர்.

ஆகவே எங்கள் பக்கத்தில் வலையமைப்பின் வளர்ச்சி என்பது, இருந்ததைத் திரும்பப் பெற்ற கதை. 1990 ஜூனில் வடக்குச் சேவை நின்றது. அதன் பின் தண்டவாளங்களும் அவற்றைத் தாங்கிய சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. போர் முடிந்த பிறகு, இந்தியக் கடனுதவியில், இந்திய அரசுத்துறையின் இர்கொன் நிறுவனம் பாதையை அடியிலிருந்து மீண்டும் போட்டது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதே ஆண்டு ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று வண்டி ஒவ்வோர் இடமாக வடக்கே நகர்ந்து வந்தது. தலைமன்னார்த் துறைக்கும் அதே ஆண்டு மார்ச்சில் வண்டி வந்துவிட்டது. அங்கிருந்து இந்தியக் கரைக்கு ஓடிய தனுஷ்கோடிக் கப்பல்தான் 1964 புயலோடு போனது போனதுதான்.

இதில் ஒரு முரணைப் பயணத்தின்போதுதான் உணர்ந்தேன். வவுனியாவை அடுத்த ஓமந்தைக்கு வடக்கே, போரில் முற்றாக அழிந்த பகுதி, கொங்கிறீற் சிலிப்பர்களோடு புதிதாகப் போடப்பட்டதால், நாட்டின் மிக விரைவான பாதைகளில் ஒன்றாகிவிட்டது. அழியாமல் தப்பிய தெற்குப் பகுதியோ பழையதாகவே கிடந்து வண்டியின் வேகத்தைக் குறைத்தது. மாஹோவிலிருந்து ஓமந்தை வரையான 128 கிலோமீற்றரையும் 2023, 2024ஆம் ஆண்டுகளில் கட்டங்கட்டமாக மூடித் திருத்திய பிறகே அந்த வேறுபாடு குறைந்திருக்கிறது. கையிலிருந்த தேநீர்க் குவளை ஓமந்தைக்குப் பிறகு தளும்பவில்லை என்பதை என் சொந்த ஆய்வுமுடிவாகப் பதிவு செய்கிறேன்.

மாங்குளத்திலிருந்து நான் யன்னலை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. ஆனையிறவில் நீரேரி வெளித்தபோது, எதிரே இருந்த அம்மா ஒருவர், "எத்தினை வருசத்துக்குப் பிறகு தம்பி வாறியள்?" என்று கேட்டார். கோச்சியில் (புகையிரதத்தில்) என்றால் நாற்பதுக்கு மேல் என்றேன். அவருடைய பிள்ளைகள் முதன்முதலில் புகையிரதத்தைக் கண்டது வளர்ந்து ஆளான பிறகுதானாம்.

அவர் சொன்னது, கொடிகாமத்துக்குப் பிறகு அடுக்கடுக்காக வந்த புகையிரதக் கடவைகளைப் பார்த்தபோது இன்னும் தெளிவாயிற்று. கால் நூற்றாண்டாக வண்டி ஓடாத நிலத்தில் ஒழுங்கைகளும் வீடுகளும் முளைத்திருந்தன. சத்தம் கேட்டு ஒதுங்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கே இல்லாமற் போயிருந்தது. பாதை திரும்பிய பிறகு காவலில்லாத கடவைகளில் நேர்ந்த உயிரிழப்புகளுக்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். தண்டவாளத்துக்குக் கிடைத்த பணத்தோடு ஒப்பிட்டால் கடவைகளுக்குக் கிடைத்த கவனம் போதாது.

ஓமந்தைக்கு வடக்கேயும் இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிர்வண்டிக்காக எங்கள் வண்டி ஒரு நிலையத்தில் ஒதுங்கி நின்றபோது, பெட்டியில் ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. பயணச்சீட்டை யாழ்ப்பாணத்தோடு நிறுத்தாமல் காங்கேசன்துறை வரை எடுத்திருந்தேன். சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே போய், தண்டவாளம் முடியும் இடத்தில் இறங்கினேன்.