பழைய வீட்டுக் கணினிக்கு 5,500 ரூபாயில் ஒரு கிராபிக்ஸ் கார்டு: இரண்டு வருடத்துக்குப் பிறகு

எங்கள் வீட்டுக் கணினி 2013-இல் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ5-3470 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ரேம், பழைய அனலாக் இணைப்பான வி.ஜி.ஏ. மட்டுமே உள்ள 21.5 அங்குல மானிட்டர். 2020-இல் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டோம். அதன் பிறகு கரண்ட் பில் கட்ட, பையனின் பாடங்களைப் பார்க்க, அப்பா தமிழில் தட்டச்சு செய்ய என்று எல்லாவற்றுக்கும் அது போதுமானதாகவே இருந்தது.

2023-இல் மகள் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்தாள். பிளெண்டர் என்ற 3டி அனிமேஷன் மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். நவம்பரில் வந்த பிளெண்டர் 4.0-க்கு ஓபன்ஜிஎல் 4.3 (மென்பொருள் கிராபிக்ஸிடம் வரையச் சொல்லும் முறை) தேவை. எங்கள் ப்ராசஸரோடு வரும் எச்டி 2500 கிராபிக்ஸ் ஓபன்ஜிஎல் 4.0-ஐத் தாண்டாது. அதனால் பிளெண்டர் திறக்கவே இல்லை. பழைய பதிப்பைப் போட்டால் திறந்தது. ஆனால் ஒரு நாற்காலி மாடலைத் திருப்பிப் பார்க்கவே திரை திக்கித் திக்கி நகர்ந்தது. “பரவாயில்லைப்பா, லேப்லயே செஞ்சுக்கறேன்” என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. புதுக் கணினிக்கு நாற்பதாயிரம் புரட்டும் நிலை அந்த வருடம் இல்லை. கையில் இருந்தது ஏழாயிரம்.

கிராபிக்ஸ் கார்டு மட்டும் வாங்கலாம் என்று, டிசம்பரில் சென்னையில் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல் கடையில் ஜிடி 730 என்ற கார்டை எடுத்து வைத்து, “4 ஜிபி சார், புதுசு, வாரண்டி இருக்கு” என்றார்கள். இந்த இடத்தில்தான் நம்மைப் போன்றவர்கள் பணத்தை இழக்கிறோம். எத்தனை ஜிபி என்பதைவிட அது எந்த வகை மெமரி, எவ்வளவு வேகம் என்பதுதான் முக்கியம். 64 பிட் டிடிஆர்3 மெமரி உள்ள ஜிடி 730 நொடிக்கு 14.4 ஜிபி தரவைத்தான் கடத்தும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற கார்டு 112 ஜிபி கடத்தும். இரண்டின் மேலும் 4 ஜிபி என்றுதான் எழுதியிருக்கும். ஜிடி 1030 வாங்குபவர்களும் கவனியுங்கள். ஜிடிடிஆர்5 மெமரியோடு வருவது 48 ஜிபி. அதே பெயரில் விற்கும் டிடிஆர்4 கார்டு 16.8 ஜிபிதான்.

நான் செகண்ட் ஹேண்ட் 1050 டிஐ தேடினேன். 2016-இல் வந்த கார்டு. 75 வாட்டுக்குள் அடங்கும். மதர்போர்டின் ஸ்லாட்டே 75 வாட் வரை கொடுக்கும் என்பதால், தனி பவர் கேபிள் இல்லாத மாடலாக வாங்கினால் பழைய கணினியிலும் நேராகப் பொருந்திவிடும். ஆர்எக்ஸ் 6400 இதைவிடப் புதியது, அதற்கும் பவர் கேபிள் வேண்டாம். ஆனால் அது மதர்போர்டோடு தரவு பரிமாறும் பாதைகளான பிசிஐஇ லேன்களில் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது; பழைய மதர்போர்டில் அந்தக் குறை நன்றாகவே தெரியும். அதனால் விட்டுவிட்டேன்.

மூன்றாவது கடையில் 5,500-க்குப் படிந்தது. வாங்கும் முன் அவர்கள் கணினியிலேயே மாட்டச் சொல்லி, ஜிபியு-இசட் மென்பொருளில் பார்த்தேன். 768 ஷேடர் (கணக்கிடும் அலகுகள்), ஜிடிடிஆர்5, 128 பிட் என்று சரியாகக் காட்டியது. வேறு பழைய கார்டின் உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி 1050 டிஐ என்று விற்கும் பழக்கம் உண்டு, அதை இந்த மென்பொருள் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கார்டை முழு வேகத்தில் இயக்கிச் சோதிக்கும் ஃபர்மார்க்கைப் பத்து நிமிடம் ஓட்டச் சொன்னேன். கடைக்காரருக்குக் கொஞ்சம் சலிப்புதான், ஆனாலும் ஓட்டிக் காட்டினார். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது இதற்குக் கூச்சப்படவே கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் யோசிக்காமல் விட்டது புரிந்தது. என் மானிட்டரில் இருப்பது வி.ஜி.ஏ. மட்டும். 1050 டிஐ வரிசைக் கார்டுகளில் அனலாக் வெளியீடு அறவே கிடையாது. கார்டில் டிவிஐ இருக்கிறதே என்று பழைய பழக்கத்தில் ஒரு சின்ன டிவிஐ–வி.ஜி.ஏ. அடாப்டர் வாங்கி வந்திருந்தேன். அது நுழையவே இல்லை. இந்தக் கார்டில் இருப்பது டிஜிட்டல் சிக்னல் மட்டும் தரும் டிவிஐ-டி. அடாப்டரில் கூடுதலாக இருக்கும் நான்கு பின்களுக்கு அதில் துளை இல்லை. மறுநாள் 400 ரூபாய்க்கு எச்டிஎம்ஐ–வி.ஜி.ஏ. கன்வெர்ட்டர் வாங்கினேன். சிக்னலை மாற்றித் தரும் சிப் உள்ளேயே இருக்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அப்புறம் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. லேபிளில் பெரிதாக 450 வாட் என்று இருந்தது. கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். அதாவது 192 வாட். ப்ராசஸரும் கார்டும் எடுப்பது அந்த 12 வோல்ட்டில் இருந்துதான்: ப்ராசஸரின் 77-ம் கார்டின் 75-ம் சேர்ந்து 152 வாட். கணக்கில் அடங்குகிறது. ஆனால் பத்து வருடம் ஓடிய மலிவான எஸ்எம்பிஎஸ்ஸை நம்பி அதில் கார்டை மாட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. 2,300 ரூபாய்க்கு நல்லதாக ஒன்று வாங்கினேன். ஆக மொத்தம் 8,200. பட்ஜெட் தாண்டிவிட்டது, ஆனால் இந்தச் செலவுக்கு நான் வருந்தியதே இல்லை.

மாட்டியதும் திரை கறுப்பாகவே இருந்தது. பழைய வி.ஜி.ஏ. கேபிளை மதர்போர்டிலேயே செருகி, மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், முதன்மை டிஸ்ப்ளேவை பிசிஐஇ என்று மாற்றியதும் சரியாகிவிட்டது.

பிளெண்டர் 4.0 திறந்த அன்று மகள் இரவு ஒரு மணி வரை எழுந்திருக்கவில்லை. பிளெண்டரின் படம் உருவாக்கும் பகுதியான சைக்கிள்ஸில் ப்ராசஸர் 50 நிமிடம் எடுத்த ஒரு காட்சியைக் கார்டு 14 நிமிடத்தில் முடித்தது. யூடியூபிலும் பெரிய மாற்றம். விபி9 என்ற சுருக்க முறையில் வரும் வீடியோவை முன்பு ப்ராசஸர்தான் தூக்கிச் சுமந்தது. இப்போது கார்டு பார்த்துக்கொள்கிறது. ஏவி1 என்ற இன்னொரு முறையில் வரும் வீடியோவுக்கு மட்டும் இந்தக் கார்டில் வசதி இல்லை, அதனால் அதைத் தடுக்கும் ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறேன். பையனுக்கு ஜிடிஏ 5. அந்த விளையாட்டுக்கு 2015-இல் பரிந்துரைத்த ப்ராசஸரே ஐ5-3470தான் என்பதால் அழகாக ஓடுகிறது. புதிய விளையாட்டுகளில் கார்டு தயாராக இருந்தாலும் நான்கு கோர் ப்ராசஸர் திணறுகிறது. அதற்குமேல் பெரிய கார்டு போட்டாலும் இந்தக் கணினியில் வீண்.

2025 கோடையில் கார்டின் வெப்பம் 84 டிகிரி வரை போனது. கழற்றிப் பார்த்தால் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாக இருந்தது. தூசி தட்டி, புதுப் பேஸ்ட் தடவியதும் 71-க்கு இறங்கியது. வாங்கிய வாரமே செய்திருக்க வேண்டிய வேலை.

இப்போது இருக்கும் கவலை வேறு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இந்த ப்ராசஸரை ஏற்காது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் 2026 அக்டோபர் வரை பதிந்திருக்கிறேன். கூடவே லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தையும் போட்டு வைத்தோம். பிளெண்டர் அதிலும் அப்படியே ஓடுகிறது. என்விடியா இந்தக் கார்டுக்குப் புதிய கேம் டிரைவர்களை நிறுத்திவிட்டது, ஆனாலும் பாதுகாப்பு அப்டேட்டை 2028 அக்டோபர் வரை தருவதாக அறிவித்திருக்கிறது.

மகளின் கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கான 40 வினாடி அனிமேஷன் இந்த வாரம் இந்தக் கணினியில்தான் ரெண்டர் ஆகிறது, அதாவது படமாக உருவாகிறது. 960 ஃப்ரேம், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை நிமிடம். இரவில் மட்டும் ஓட்டுவதால் ஐந்து இரவு ஆகும். இன்று மூன்றாவது.