கோஹா: நல்ல மென்பொருள்தான், ஆனால் அந்த ஔகாரம்!

பக்கத்து ஊரில் வாசகசாலை நடத்தும் நண்பர், "நாங்களும் கோஹாவுக்கு மாறிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார். புத்தகப் பட்டியல், உறுப்பினர் கணக்கு, இரவல் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் நூலக மென்பொருள்தான் கோஹா. எங்கள் சங்க நூலகத்தில் அது சில வருடங்களாக ஓடுகிறது. இலவசம், பிரவுசரில் வேலை செய்யும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். கூடவே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் எனக்குப் பிடித்தது. ஸ்டாக் சரிபார்ப்பு என்றால் முன்பெல்லாம் நூலகத்தை மூடிவிட்டு, ஒருவர் பதிவேட்டைப் படிக்க இன்னொருவர் அலமாரியில் தேடுவார். இப்போது பார்கோடுகளை வரிசையாக ஸ்கேன் செய்து அந்தக் கோப்பை இன்வென்டரி பகுதியில் ஏற்றினால், எது காணவில்லை, எது தப்பான தட்டில் இருக்கிறது என்று பட்டியல் வந்துவிடுகிறது. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற ஊர்ப்புற நூலக அறக்கட்டளை, தன் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டைத் தாண்டாது என்பதால் 1999-இல் எழுத வைத்ததுதான் கோஹா. 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. நூலகத்துக்குள்ளேயே பிறந்தது என்பது இந்த மாதிரி இடங்களில் நன்றாகத் தெரிகிறது.

அப்புறம் தமிழ்த் தேடல். கோஹாவின் ஜீப்ரா தேடுபொறியில் சிஎச்ஆர், ஐசியு என்று இரண்டு இன்டெக்ஸ் முறைகள், அதாவது தேடலுக்காகச் சொற்களை அட்டவணைப்படுத்தும் முறைகள், உண்டு. தமிழுக்கு ஐசியுதான் வேண்டும். எங்களுக்கு நிறுவிக் கொடுத்தவர்கள் சிஎச்ஆரிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். மாற்றிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி இன்டெக்ஸ் செய்ததும் தமிழ்த் தேடல் சரியாகிவிட்டது. அதில் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் ஔகாரத்தின் மேல்தான். பௌத்தம் என்று தேடினால் பாதிப் புத்தகங்கள்தான் வரும். மீதிப் பாதி 'பெளத்தம்' என்று பதிவாகியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி என்ற ஒரே யூனிகோடு குறியீடு. இரண்டாவதில் இருப்பது ஒற்றைக்கொம்பும் ளகரமும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தை இப்படித்தான் அடித்தோம். பார்வைக்கு அது போதுமாக இருந்தது. அப்படி அடித்து வைத்திருந்த எங்கள் பழைய எக்செல் பட்டியலை யூனிகோடுக்கு மாற்றியபோது, மாற்றும் மென்பொருளும் ளகரத்தை ளகரமாகவே கொண்டுவந்து கொட்டிவிட்டது. ஒகரத்தை இரண்டு துண்டாக அடித்தாலும் யூனிகோடு விதிப்படி அதை ஒன்றாகச் சேர்த்துவிடலாம். இங்கே அது நடக்காது, ஏனென்றால் ளகரம் உண்மையிலேயே வேறு எழுத்து.

புத்தகத்தோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். உறுப்பினர் பெயரிலும் இதே கதை. கௌரி என்ற பெயரில் ஒரு பாட்டி வருவார். கவுன்டரில் பெயரைத் தட்டினால் 'இல்லை' என்றது. புதிதாக வந்த பையன் இன்னொரு கார்டு போட்டுக் கொடுத்துவிட்டான். பழைய கார்டில் இருந்த புத்தகங்களுக்குத் தாமத நோட்டீஸ் போனது. இருபது வருடமாக ஒரு புத்தகத்தைக்கூடத் தொலைக்காதவருக்கு! அவர் முகம் வாடிப்போனதை நினைத்தால் இன்னமும் எனக்குப் பொறுக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால் இது கோஹாவின் குற்றம் அல்ல, எந்த மென்பொருளும் இங்கே தடுக்கித்தான் விழும். யூனிகோடில் மெய், கொம்பு, ளகரம் என்று வந்து, ளகரத்தின் மேல் புள்ளியோ பின்னால் உயிர்க்குறியோ இல்லையென்றால் அது பெரும்பாலும் ஔகாரம்தான். வெளிச்சம், தெள்ளிய எல்லாம் இந்த விதியில் தப்பிவிடும். நூலகப் பதிவுகளை மொத்தமாகத் திருத்த உதவும் மார்க்எடிட் என்ற மென்பொருளில் இந்த விதியைக் கொடுத்துத் தேடி மாற்றலாம். உறுப்பினர் பெயர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஆனால் பழகிய கை இன்றைக்கும் புதுப் பதிவில் ளகரத்தைத்தான் தட்டுகிறது. சுத்தம் செய்த மறுவாரமே நாலைந்து முளைத்துவிடுகின்றன.

இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள்: இந்த வருடம் மாறாதீர்கள். உங்கள் பட்டியலும் பாமினியில்தானே இருக்கிறது? முதலில் எக்செலிலேயே யூனிகோடுக்கு மாற்றி, ஔகாரம் வரும் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள். தட்டச்சு செய்பவர்களையும் யூனிகோடு விசைப்பலகையில் பழக்குங்கள். அது முடிந்ததும் கூப்பிடுங்கள், நானே வந்து ஏற்றித் தருகிறேன்.