வெர்ப் சார்ட்: ரொம்ப நாள் புழங்கினால் தெரிவது

ஸ்டேஷனரி கடைகளில் லேமினேட் போட்டு விற்கும் வி ஒன், வி டூ, வி த்ரீ (ஆங்கில வினைச்சொல்லின் மூல வடிவம், இறந்தகால வடிவம், ஹேவ், ஹேட் உடன் வரும் மூன்றாம் வடிவம்) சார்ட், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் டியூஷன் நடக்கும் வீடுகளில் சுவரோடு சுவராகிவிட்ட பொருள். வினைச்சொல்லின் வடிவத்துக்கு நல்ல துணை. எந்த இடத்தில் எதைப் போடுவது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

முதல் குறை, ஏ பி சி வரிசை. பிகின், பைட், பிரேக், பிரிங் என்று ஒட்டுறவில்லாத சொற்கள் அடுத்தடுத்து வருவதால் மனப்பாடம் சீக்கிரம் கலைந்துவிடும். ஓசைப்படி நோட்டில் பிரித்து எழுதினால் நிற்கும். கட், புட், ஹிட், ஷட் மாறவே மாறாது. சிங்-சாங்-சங், ரிங்-ராங்-ரங் ஒரு கூட்டம். பிரிங்-பிராட், டீச்-டாட், கேட்ச்-காட் இன்னொன்று. இந்தக் கடைசிக் கூட்டத்தில் வி டூவும் வி த்ரீயும் ஒன்றே. ரீட் எழுத்தில் மாறாது, வாயில் மட்டும் ரெட்.

இறந்தகாலத்துக்கு 'இடி' (ed) சேரும் சொற்களின் உச்சரிப்பையும் சார்ட் சொல்வதில்லை. வான்ட், நீட் போல ட ஓசையில் முடிந்தால்தான் கூடுதல் அசை: வான்டட், நீடட். மற்றதெல்லாம் வாக்ட், ஸ்டாப்ட். நல்ல மார்க் வாங்கும் பிள்ளைகளும் வாக்கெட் என்கிறார்கள். டிட் வந்துவிட்டால் வி ஒன் மட்டுமே. 'டிட் நாட் வென்ட்' தவறு.

உண்மையான சிக்கல் 'ஹேட்'. "நேத்து உங்க வீட்டுக்கு வந்திருந்தேன், ஆளில்லை" என்று தமிழில் சொல்கிறோம். பக்கத்து வீட்டு மலையாளத்திலும் 'இன்னலெ வந்நிருந்நு'. இரண்டு மொழியும் ஒரே பக்கம் தள்ளுவதால் 'ஐ ஹேட் கம் யெஸ்டர்டே' தானாக வாயில் வருகிறது. ஆங்கிலத்துக்கு அங்கே 'ஐ கேம்' போதும். நடந்து முடிந்த இரண்டு காரியங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் ஹேட் வேண்டும்: 'வென் வீ ரீச்ட் த ஸ்டேஷன், த டிரெயின் ஹேட் லெஃப்ட்'. பொள்ளாச்சி வண்டி நாம் போகுமுன்பே கிளம்பிவிட்டது. அதையே 'த டிரெயின் லெஃப்ட்' என்றால், நாம் போய்ச் சேர்ந்ததும் கிளம்பியது என்று ஆகிவிடும். ஆஃப்டர், பிஃபோர் இருந்தால் முன்பின் தெரிந்துவிடுவதால் ஹேட் இல்லாமலும் ஓடும்.

இதே வகைதான் "பார்த்திருக்கேன்". அது 'ஐ ஹேவ் சீன்' என்று வாயில் வரும். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், 2019 என்று முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் இருந்தால் ஹேவ் வராது. 'ஐ சா ஹிம் யெஸ்டர்டே'.

இன்னொன்றைச் சார்ட் தொடுவதே இல்லை. "சின்ன வயசுல ஆத்துல குளிப்போம்" என்கிறோம். வடிவம் எதிர்காலம், சொல்வது பழைய வழக்கம். அதை 'வீ வில் பேத்' என்று எழுதினால் இனிமேல் குளிக்கப்போகிறோம் என்று அர்த்தமாகும். 'வீ யூஸ்ட் டு பேத்' என்பதே சரி. கேள்வியிலும் மறுப்பிலும் டிட் வந்ததும் யூஸ்ட் தன் கடைசி 'டி' எழுத்தை விட்டுவிடும்.

மலையாளம் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு என்று மலையாளத்தில் யாருக்கும் விகுதி மாறாது. ஆங்கில இறந்தகாலமும் அப்படியே. வாஸ், வேர் மட்டும் விலக்கு.

சார்ட் வாங்குவதானால் ஐம்பது அறுபது சொற்கள் உள்ள சின்னதே போதும். வி டூ, வி த்ரீ இரண்டையும் காகிதத்தால் மறைத்து, நேரச் சொல் ஒன்றைச் சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்ல வைக்க வேண்டும். கோ-வென்ட்-கான் என்று ராகம் போட்டு ஒப்பிப்பவர்கள், வாக்கியம் கேட்டால் கான் என்பதை ஹேவ் இல்லாமலே போடுகிறார்கள்.